தேவதாசும் திக்கற்ற பார்வதியும்

ஒரு திரைப்படத்தைப் பற்றி மக்கள் என்ன கருதினார்கள் என்பதை அறியப் பழைய விமர்சனங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அப்படத்திலிருந்து எந்தச் சொல் வீதிக்கு வந்து நிலைத்தது என்று பார்த்தாலே போதும். நம் தமிழ் வீதிகளில் அவ்வாறு நிலைத்துவிட்ட சொற்களுள் ஒன்று 'தேவதாஸ்'. நான்கு நாள் முகம் மழிக்காமல் திரியும் இளைஞனைப் பார்த்து, "என்னப்பா, தேவதாஸ் ஆகிவிட்டாயா?" என்று கேட்காத ஊர் தமிழகத்தில் இருக்க முடியாது. தாடி, தோளில் ஒரு சால்வை, கையில் புட்டி, காலடியில் ஒரு நாய் ஆகிய நான்கையும் கேலிச்சித்திரக்காரர் வரைந்துவிட்டால், காதலில் தோற்றவன் இவன் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் சொல்லிவிடும்.

அந்தச் சொல்லில் கேலி இருக்கிறது. கேலியோடு கலந்த இரக்கமும் இருக்கிறது. ஆனால் அருவருப்போ அச்சமோ இல்லை. அதே மனிதன் காரணம் ஏதுமின்றிக் குடித்திருந்தால் அவனை நாம் 'குடிகாரன்' என்கிறோம். காதலித்த பெண் கிடைக்கவில்லை என்று குடித்தால் 'தேவதாஸ்' என்கிறோம். இரண்டு பேர் குடிப்பதும் ஒன்றே. இருவர் வீட்டிலும் அடுப்பு அணைவதும் ஒன்றே. ஈரலுக்கும் இந்த வேறுபாடு தெரியாது. எனினும் சமூகம் ஒருவனுக்குப் பட்டம் கட்டுகிறது. மற்றவனை வாசலோடு விரட்டுகிறது. இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுக் கொடுத்தது எது என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவனுக்குத் திரைப்படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் இல்லங்களில் பலர் திரையரங்கின் படியை மிதிப்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் இன்று திரையரங்கு நம் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. மஃரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்காரும் இளைஞர்கள் எந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது அருகே இருப்பவர் காதில் விழாமல் போகாது. கேட்டும் கேளாதது போல் எழுந்து செல்வதைக் காட்டிலும், அவர்களோடு அமர்ந்து பேசுவதே ஆசிரியனுக்கு அழகு.

நூறாண்டுக் கதை

தேவதாசின் கதை வங்காளத்திலிருந்து வந்தது. சரத் சந்திர சட்டோபாத்யாயர் அதனைத் தம் இளம் பருவத்தில் எழுதிப் பல ஆண்டுகள் வெளியிடத் தயங்கி, 1917இல் நூலாக்கினார். கல்லூரியில் இளங்கலை பயின்ற காலத்தில் அந்நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறேன். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை தேவதாஸ். அடுத்த வீட்டுப் பெண் பார்வதி. இருவரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். குலப்பெருமை பேசித் தேவதாசின் பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள். துணிந்து தன்னை நாடி வந்த பார்வதிக்கு உறுதி சொல்ல அவனுக்கு நெஞ்சுரம் இல்லை. ஊரைவிட்டுப் போகிறான், பிறகு மனம் மாறித் திரும்பி வருகிறான். அதற்குள் பார்வதியின் மனம் புண்பட்டுவிட்டது. அவள் மறுத்துப் பேசியதும், தூண்டிற் கோலால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறான். அவள் வயதில் மிக மூத்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகிறாள். அவன் குடித்துக் குடித்து உடல் அழிந்து, இறுதியில் அவள் வீட்டு வாசலில் வந்து விழுந்து மாண்டு போகிறான்.

இக்கதை 1928இல் பேசாப் படமாயிற்று. 1935இல் வங்க மொழியிலும், 1936இல் கே. எல். சைகல் நடிப்பில் இந்தியிலும் வந்தது. 1953இல் வேதாந்தம் ராகவையா இயக்கத்தில், அக்கினேனி நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. கண்டசாலாவின் குரலில் அப்படத்துப் பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. 1955இல் திலீப் குமாரும், 2002இல் ஷாருக் கானும் அதே வேடத்தை ஏற்றார்கள். ஒரு நாவலை இத்தனை முறை ஒரு நாடு திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்றால், அதில் தன் முகத்தையே அது பார்க்க விரும்புகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாவலின் இறுதியில் ஆசிரியர் வாசகரை நோக்கி, இப்படி ஒரு மரணம் வேறு எவருக்கும் நேராதிருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்னும் பொருள்பட மன்றாடுகிறார். அவர் எழுதியது ஓர் எச்சரிக்கை. பார்த்தவர்களோ அதனை இலட்சியமாக எடுத்துக் கொண்டார்கள். எச்சரிக்கைப் பலகையில் எழுதிய எழுத்து மிக அழகாக இருந்ததால், அதனைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கியவர்கள் பலர்.

திரையில் குடிகாரனாக வாழ்ந்து காட்டிய நாகேஸ்வர ராவ், தொண்ணூறு வயதை ஒட்டி வாழ்ந்து 2014 ஜனவரியில் மறைந்தார். அவருக்கு அது நடிப்பு. 1936ஆம் ஆண்டின் தேவதாசாகிய சைகலோ, மெய்யாகவே குடிக்கு ஆட்பட்டு, 1947இல் தம் 42ஆம் வயதில் மறைந்தார். தமிழ்ப் படத்தில் பார்வதியாக வந்து கண்ணீர் சிந்த வைத்த சாவித்திரியும் பிற்காலத்தில் அதே பழக்கத்துக்கு இரையாகி, ஓராண்டுக்கும் மேல் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பரில் காலமானார். மறைந்தவர்களைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. புகழும் பொருளும் திறமையும் நிறைந்தவர்களையே விட்டு வைக்காத ஒன்று, கூலி வேலை செய்யும் இளைஞனை மட்டும் விட்டு வைக்குமா என்பதற்காகவே எழுதுகிறேன்.

பார்த்தவர்கள் சொல்வது

2017இல் 'அர்ஜுன் ரெட்டி' என்னும் தெலுங்குப் படம் வந்தது. 2019இல் அது இந்தியில் 'கபீர் சிங்' என்றும், தமிழில் 'ஆதித்ய வர்மா' என்றும் எடுக்கப்பட்டது. காதலியைப் பிரிந்த ஒரு மருத்துவர் குடியிலும் போதைப் பொருளிலும் மூழ்கி, குடித்த நிலையிலேயே அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்குச் சீரழிவதாகக் கதை. நாடெங்கும் இப்படங்களைப் பற்றி இருவேறு கருத்துகள் மோதின. நம் இளைஞர்களும் அவற்றைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பார்த்ததில் மூன்று விதமான கருத்துகள் கிடைத்தன.

ஓர் இளைஞர் சொன்னார்: "ஹஜ்ரத், அவன் எவ்வளவு ஆழமாக நேசித்திருந்தால் இப்படி ஆவான்! இந்தக் காலத்தில் யார் இப்படி நேசிக்கிறார்கள்?" மற்றொருவர் சொன்னார்: "படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து யாரும் குடிக்கப் போவதில்லை." மூன்றாமவர் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். அவர், "குடியினால் வரும் கேட்டைத்தான் படம் காட்டுகிறது, அவன் வேலை போகிறது, குடும்பத்தார் ஒதுக்குகிறார்கள். அது படிப்பினை ஆகாதா?" என்று கேட்டார்.

மூன்றுமே புறந்தள்ளிவிடத் தக்க கருத்துகள் அல்ல. மூன்றாமவருடையது சிந்தித்துச் சொன்ன கருத்து. ஆயினும் அவரிடம் ஒன்று கேட்டேன்: "தம்பி, சரத் சந்திரரின் தேவதாஸ் வாசலில் விழுந்து சாகிறான். இந்தப் படத்தின் நாயகனுக்கு இறுதியில் என்ன ஆகிறது?" அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெண் அவனுக்கே கிடைத்துவிடுகிறாள்" என்றார். நூறு ஆண்டுகளில் கதை எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். அன்று குடித்தவன் அழிந்தான், பார்த்தவர்கள் அழுதார்கள். இன்று குடித்தவன் பரிசு பெறுகிறான், பார்த்தவர்கள் கைதட்டுகிறார்கள். திரையின் ஓரத்தில் மது கேடு என்று ஒரு வரி எச்சரிக்கை ஓடுகிறது. இரண்டரை மணி நேரக் கதைக்கு எதிரே அந்த ஒற்றை வரிக்கு என்ன வலிமை இருக்கும்?

முதலாமவர் சொன்ன ஆழமான நேசத்துக்கும் விடை சொல்ல வேண்டும். இக்கதைகள் அனைத்திலும் ஒளிப்படக் கருவி குடிப்பவனின் முகத்தையே பார்த்துக் கொண்டிருக்கிறது. அவன் கண்ணீர், அவன் பாட்டு, அவன் வேதனை ஆகியவையே நமக்குக் காட்டப்படுகின்றன. அவனைப் பெற்றவள் இரவு எத்தனை மணி வரை கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள் என்பதையும், மறுநாள் கடன்காரன் வாசலில் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் மூச்சடக்கி அமர்ந்திருந்ததையும் நாம் காண்பதில்லை. யார் முகத்தைக் காட்டுகிறார்களோ அவர் பக்கமே பார்ப்பவரின் மனம் சாய்வது இயல்பு.

மற்றொரு பார்வதி

இப்படிச் சாயாத ஒரு தமிழ்ப் படமும் வந்தது. அதனை இன்று நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலரே. 1974இல் வெளிவந்த 'திக்கற்ற பார்வதி' என்னும் அப்படம் இராஜாஜியின் கதையைத் தழுவியது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்க, லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். வீணைக் கலைஞர் சிட்டி பாபு இசையமைத்தார். பெரிய நிறுவனங்களின் ஆடம்பரம் ஏதுமில்லாத எளிய படம் அது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

அதன் நாயகியின் பெயரும் பார்வதிதான் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. உழைத்து வாழும் எளிய குடும்பம். கணவன் குடிக்கத் தொடங்குகிறான். குடியைத் தொடர்ந்து கடன் வருகிறது; கடனைத் தொடர்ந்து மானக்கேடு வருகிறது; வழக்கும் நீதிமன்றமும் வருகின்றன. குடித்தவன் அவன், திக்கற்று நிற்பவள் அவள். தேவதாசின் பார்வதி, ஒருவன் குடிப்பதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவள். இராஜாஜியின் பார்வதி, ஒருவன் குடித்ததன் விளைவைச் சுமப்பவள்.

இராஜாஜி இதனை வெறும் கற்பனையாக எழுதவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவி, சிற்றூர்க் குடும்பங்களின் நிலையை நேரில் கண்டவர் அவர். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை அங்கிருந்து நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணையாயிருந்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கல்வராயன் மலைக்கு மேற்கே இருப்பது அந்தச் சேலம்தான். பிற்காலத்தில் மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது.

இரண்டு படங்களில் தேவதாஸ் வீதியில் ஒரு சொல்லாகி நிலைத்தான். திக்கற்ற பார்வதியின் பெயரைச் சொல்லி எவரும் எவரையும் அழைத்ததில்லை. பார்வையாளர் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பின் விலை என்னவென்று நம் மாவட்டத்தார் அறிவார்கள்.

கருணாபுரம்

எலவனாசூர்கோட்டையிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் தியாகதுருகம். அதனைக் கடந்தால் கள்ளக்குறிச்சி. அந்நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டு போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் இருந்தார்கள். தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே போல் 20க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதனைச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம்.

அச்சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நச்சுப் பொருள். வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய் போன்ற தொழில்களில் பயன்படுவது அது. பார்வைக்கும் மணத்துக்கும் சாராயம் போலவே இருக்கும். உடலுக்குள் சென்றதும் ஈரல் அதனை முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது; இரத்தத்தில் அமிலத் தன்மை ஏறி உயிரும் போகிறது. குடித்த உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் பல மணி நேரம் கழித்தே தெரிகிறது. அதற்குள் அதே சாராயத்தை மற்றவரும் குடித்து விடுகிறார்கள்.

கருணாபுரத்தில் நடந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதிய ஒன்று நெஞ்சை விட்டு அகலவில்லை. முதலில் இறந்தவர் எதனால் இறந்தார் என்று தெரியாத நிலையில், அவருடைய சாவுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள் என்பதே அது. துக்கம் வந்தால் குடிக்க வேண்டும் என்பது நம் மண்ணில் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது. துக்கத்துக்கு மருந்து என்று எண்ணி, துக்கத்தின் காரணத்தையே அருந்தினார்கள். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் உதவித் தொகையை அரசு அறிவித்தது. கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டமும் அதே மாத இறுதியில் திருத்தப்பட்டது. விற்றவனைச் சட்டம் பிடிக்கலாம். துக்கம் என்றால் புட்டி என்று சொல்லிக் கொடுத்தவர்களை எந்தச் சட்டம் பிடிக்கும்?

படத்தைப் பார்த்து யாரும் குடிக்கப் போவதில்லை என்று சொன்ன இரண்டாமவருக்கு என் விடை இதுதான். ஒரு படத்தைப் பார்த்து ஒருவன் மறுநாளே கடைக்குப் போவதில்லை, மெய்தான். ஆனால் துயரத்தின் நாளில் கை எங்கே நீள வேண்டும் என்பதைப் பல படங்கள் சேர்ந்து பல ஆண்டுகளாகச் சொல்லி வைத்திருக்கின்றன.

துயருற்றவனை என்ன செய்வது?

இவ்வளவும் கேட்ட ஓர் இளைஞர், "அப்படியானால் மனம் உடைந்தவன் என்னதான் செய்வது, ஹஜ்ரத்? அழவும் கூடாதா?" என்றார். அழலாம். அழுவதைத் தடுக்க நாம் யார்?

முகீஸ் (ரலி) என்பவரின் செய்தியை நம் இளைஞர்களுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. புகாரியில் இடம் பெற்றுள்ள செய்தி அது. பரீரா (ரலி) அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதும், தம் கணவர் முகீஸுடன் வாழ விருப்பமில்லை என்று பிரிந்துவிட்டார். முகீஸோ மதீனாவின் வீதிகளில் அவர் பின்னே அழுதுகொண்டே சென்றார். கண்ணீர் அவருடைய தாடியில் வழிந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனைக் கண்டு, அவருடைய நேசத்தையும் அப்பெண்ணின் வெறுப்பையும் எண்ணி வியந்தார்கள். மீண்டும் சேர்ந்து வாழலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று அவர் வினவினார். பரிந்துரை மட்டுமே என்று பெருமானார் கூறியதும், தமக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்கிறது. வீதியில் அழுத ஆண்மகனை எவரும் எள்ளி நகையாடவில்லை; இறைத்தூதரே அவருக்காகப் பரிந்து பேசினார்கள். மறுத்த பெண்ணை எவரும் வற்புறுத்தவில்லை. அவள்மீது பழி சுமத்தவும் இல்லை. தூண்டிற் கோலும் இல்லை, தழும்பும் இல்லை. நேசத்தின் ஆழத்தைக் காட்டப் பிறர்க்கும் தனக்கும் தீங்கு செய்ய வேண்டும் என்னும் கதைக்கு முன்னால் இந்தச் செய்தியை வைத்துப் பாருங்கள்.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? பையன் மனமுடைந்து இருக்கிறான் என்று தெரிந்தால், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறோம், அல்லது, குடும்ப மானம் போயிற்று என்று பேச்சையே நிறுத்திவிடுகிறோம். வீட்டில் அழ இடமில்லாதவன் வெளியே இடம் தேடுகிறான். அங்கே அவனுக்காகக் கிண்ணத்தோடு நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.

மறைப்பதா, சபிப்பதா?

நம் வீடுகளில் குடி இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். மது நமக்கு விலக்கப்பட்டது என்பதால் பெரும்பாலான இல்லங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போதை என்பது புட்டியில் மட்டும் வருவதில்லை. கஞ்சாவாகவும், வலி நிவாரண மாத்திரைகளாகவும் வருகிறது. வாயில் வாடை அடிக்காது என்பதால் தாய்க்கும் தெரிவதில்லை. மதியை மயக்கும் எதுவும், அதிகமாயினும் சிறிதாயினும், விலக்கப்பட்டதே என்பது மார்க்கம் கூறும் தெளிவான விதி. அது சாராயத்துக்கு மட்டும் உரியதன்று.

விலக்கப்பட்டது என்ற இந்த உண்மையே சில வேளைகளில் நம் குடும்பங்களுக்கு வேறொரு சிக்கலை உண்டாக்கிவிடுகிறது. பிற வீடுகளில் பிள்ளை குடித்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். நம் வீட்டில் ஜமாஅத்தில் தெரிந்தால் என்ன ஆகும், தங்கைக்கு மாப்பிள்ளை வருவானா என்று அஞ்சி ஐந்தாறு ஆண்டுகள் மறைத்து வைக்கிறார்கள். ஒரு திருமணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்று எண்ணி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணை மருந்தாக்குகிறார்கள். அங்கே மற்றொரு திக்கற்ற பார்வதி உருவாகிறாள். அவள் பெயர் ஃபாத்திமாவாகவோ மைமூனாகவோ இருக்கும், அவ்வளவுதான்.

மறைப்பது ஒரு தவறு என்றால், சபிப்பது இன்னொரு தவறு. பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். மீண்டும் ஒருமுறை அவர் கொண்டு வரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபிகளார் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். தண்டனை நீங்கிவிடவில்லை, குற்றம் குற்றமாகவே இருந்தது. ஆனால் மனிதன் சமூகத்திலிருந்து தள்ளப்படவில்லை. திரைப்படம் அவனைத் தெய்வமாக்குகிறது. தெரு அவனை நாயாக்குகிறது. இரண்டுக்கும் இடையே, அவனை மனிதனாக வைத்து நடத்தும் வழியை நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது பெண்

திக்கற்றுப் போகாத ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். இளம் வயதிலேயே கைம்மை. வசதி மிகுந்த குடும்பம்; ஆயினும் அந்நாளில் குடியை நோயாகக் கருதி மருத்துவம் செய்யும் இடங்கள் இங்கே அரிதாயிருந்தன. அவர் 1980இல் கணவரின் பெயரால் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். குடிப்பவருக்கு மட்டுமன்றி, அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் ஆறுதலும் தருவதை அந்நிறுவனம் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக் கொண்டது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இழந்தவர்களின் முகத்தைப் பார்த்து எழுந்த நிறுவனம் அது. இதனை எவரும் இன்னும் தேவதாஸ் அளவுக்குப் பாடவில்லை.

குடிநோய் ஒரு நோய் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக் கொண்டுள்ளது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். தவ்பா உள்ளத்துக்கு, மருத்துவம் உடலுக்கு. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கத்தில் ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. போதை மீட்புக்கென மத்திய அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. குடிப்பவர்தாம் பேச வேண்டும் என்பதில்லை. தாயும் பேசலாம், மனைவியும் பேசலாம். இதனை அடுக்களைச் சுவரில் எழுதி வைத்தால் இழுக்கு ஒன்றுமில்லை.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடித்தவனின் பெயரைப் பள்ளியில் சொல்லி வெட்கப்படுத்துவதற்கு முன், அவன் வீட்டில் இன்று உலை வைத்தார்களா என்று ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். அவன் மனைவி நம் மகள் என்னும் எண்ணத்தோடு கேளுங்கள்.

இளைஞர்களே, படம் பார்க்காதீர்கள் என்று நான் சொன்னால் நீங்கள் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பீர்கள். ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த முறை குடித்துவிட்டு அழும் நாயகனைத் திரையில் காணும்போது, அவன் முகத்தை விட்டுவிட்டு, அவன் வீட்டில் கதவருகே நிற்பவள் எங்கே என்று தேடுங்கள். அவளைக் காட்டவில்லை என்றால் அந்தக் கதை பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது என்று அறிந்து கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களைத் துயரத்தின் நாளிலும் காத்தருள்வானாக. கருணாபுரத்துக் குழந்தைகளுக்கும் நல்வாழ்வு அளிப்பானாக. ஆமீன்.